அண்டிக்கறை பட்ட விரலுக்கும் திறக்க வேண்டும்: கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், ஆட்டிசம் போன்ற குறைபாடுகள் உள்ளவர்களின் நலனுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி உங்கள் தலைமையில் கூடும் உள்ளூர் அளவிலான குழுவினருக்கும் வணக்கம்.

நான் கல்குளம் வட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வசிக்கிறேன். என் தம்பிக்கு 19 வயது. ஆட்டிசம் உள்ளவன். அவன் வாயில் வருகிற சொற்களை எண்ணினால் ஐம்பதைத் தாண்டாது. அவனுக்குப் புரிகிற சொற்களுக்குக் கணக்கில்லை. அம்மா முந்திரித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அப்பா சவுதியில் வண்டி ஓட்டுகிறார். அம்மச்சிக்கு 74 வயது. பகலில் தம்பியோடு வீட்டில் இருப்பவர் அவர்தான். நான் தினமும் ரயிலில் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் போய், மென்பொருள்களைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலை பார்க்கிறேன்.

தம்பியைப் போன்ற பிள்ளைகளையும் இளையவர்களையும் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக நம் மாவட்டத்தில் ஒரு கைபேசிச் செயலி வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அது யாருடைய கையில் திறக்கப்போகிறது என்பதைச் செய்வதற்கு முன்பே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்களுக்காக நிரல் எழுதப்போகிறவர்களிடமும் இந்த மடலைக் கொடுங்கள்.

அம்மாவின் விரலிலிருந்து தொடங்குகிறேன்.

முந்திரிக்கொட்டையை எங்கள் பக்கத்தில் அண்டி என்போம், முந்திரித் தொழிற்சாலையை அண்டி ஆபீஸ் என்போம். அண்டித் தோட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் பொள்ளும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் இருபது வருடம் அதே வேலையைச் செய்தால் விரல் நுனியில் கறை ஏறி, தோல் உரிந்து உரிந்து வளர்ந்து, ரேகை மங்கிவிடுகிறது. அம்மாவின் பெருவிரலை எந்தக் கருவியும் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு தம்பியின் விவரங்களை ஒரு செயலியில் ஏற்ற வேண்டியிருந்தது. அது எந்தச் செயலி, யார் செய்தது என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. அன்று நான் வேலையில் இருந்தேன். அம்மா அரை நாள் கூலியை விட்டுவிட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தொடங்கினார். விரல் ரேகை ஏறவில்லை. அடுத்து, வளைந்து நெளிந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்து அப்படியே அடிக்கச் சொன்னது. அம்மா எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர். மூன்று தடவை தவறியபின் அம்மச்சி போய்ப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையைக் கூட்டிவந்தார். பிறகு ஓடிபி. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய் ஃபேன் நின்றது. ஃபேன் சத்தம் திடீரென்று நின்றால் தம்பிக்குத் தாங்காது. அவனைத் தேற்றிவிட்டு வந்து பார்த்தால் நேரம் முடிந்து, அதுவரை எழுதியதெல்லாம் அழிந்து, முதல் பக்கத்தில் வந்து நின்றது.

திரும்பவும் முதலிலிருந்து எல்லாம் எழுதி, கடைசியில் தம்பியின் முகம் கேட்டது. கேமராவை நேராகப் பார்த்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். தம்பி அம்மாவின் கண்ணையே நேராகப் பார்ப்பதில்லை. உச்சி வெயிலைப் பார்ப்பது நமக்கு எப்படியோ, எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்ப்பது அவனுக்கு அப்படி. அம்மா அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினார். அவர் அவன்மேல் பலத்தைக் காட்டியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். அவன் தன் கையைக் கடித்துக்கொண்டான். மணிக்கட்டுக்கு மேலே அந்தப் பல்தடம் இன்னும் இருக்கிறது. நான் வீட்டுக்கு வந்தபோது தம்பி ஒறங்கியிருந்தான். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் பிரக்யா பிரசூன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அமில வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர்கள், கண் சிமிட்டிக் காட்டினால்தான் வங்கிக் கணக்கு என்கிற நடைமுறையை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கும் அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. டிஜிட்டல் சேவைகளை அணுக முடிவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தருகிற வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது; கண் சிமிட்டலுக்கு மாற்று வழி இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ரயிலில் அந்தச் செய்தியை வாசித்தபோது தம்பியின் தாடையில் இருந்த அம்மாவின் கைதான் என் கண்ணுக்குள் நின்றது.

ஆகவே முதல் வேண்டுகோள்: செயலிக்குள் நுழைவதைச் சோதனையாக்காதீர்கள். இணையத்துக்கான உலகத் தரங்களை வகுக்கிற அமைப்பு மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்காக 2023 அக்டோபரில் வெளியிட்ட டபிள்யூசிஏஜி 2.2 விதிகளிலேயே இது இருக்கிறது. நுழைவதற்காக ஒருவரை எதையாவது நினைவில் வைக்கவோ, புதிர் அவிழ்க்கவோ, பார்த்து எழுதவோ கட்டாயப்படுத்தக் கூடாது. வேறு வழியும் தர வேண்டும் என்கிறது ஒரு விதி. ஒரு தடவை எழுதியதை அதே வேலைக்குள் மறுபடி எழுதச் சொல்லக் கூடாது என்கிறது இன்னொன்று. கால வரம்பு இருந்தால் அதை நீட்டிக்க வழி வேண்டும் என்பது அதற்கும் பழைய விதி. நம் நாட்டிலும் இதே நோக்கத்துக்காக ஐஎஸ் 17802 என்ற தரம் இருக்கிறது; 2023 மே மாதம் அது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் விதிகளுக்குள்ளேயே கொண்டுவரப்பட்டுவிட்டது. ஒப்பந்தப் புள்ளி கேட்கும்போதே இந்த இரண்டையும் எழுதிக் கேளுங்கள். செய்து முடித்த செயலியில் இவற்றை ஒட்டவைப்பது, வீடு கட்டியபிறகு அஸ்திவாரம் போடுவது மாதிரி. வேலையில் அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செயலி செய்கிறவர்கள் மனதில் ஒரு பயனர் இருப்பார். அமைதியாக உட்கார்ந்து, இரண்டு கையும் ஓய்வாக, திரையை மட்டும் பார்க்கிறவர். எங்கள் வீட்டில் அப்படி ஓர் ஆள் இல்லை. அம்மாவுக்குக் கைபேசி கிடைப்பது இரவு பத்து மணிக்குமேல். அதற்குள் கண் எரியும். அம்மச்சிக்கு அது கையில் இருக்கும் நேரத்தில் மறுகை தம்பியின் சட்டையைப் பிடித்திருக்கும். பொத்தான் இருபத்து நான்கு திரைப் புள்ளி (பிக்சல்) அகலமாவது இருந்தால் போதும் என்கிறது டபிள்யூசிஏஜி விதி. அம்மச்சியின் நடுங்குகிற பெருவிரலுக்கு அது போதாது. அதைப்போல் இரண்டு மடங்கு வையுங்கள். எல்லாப் பொத்தானும் திரையின் கீழ்ப்பாதியில், ஒற்றைக் கையின் பெருவிரலுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். பாதியில் விட்டுப் போனால் விட்ட இடத்திலேயே அப்படியே காத்திருக்கட்டும், மூன்று நாள் கழித்து வந்தாலும்.

சத்தம் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். வெற்றி என்று மணியடிப்பது, காகிதப் பூ தூவுவது, திரையை அதிரவைப்பது எதுவும் வேண்டாம். கைபேசி இருப்பது தம்பியின் பக்கத்தில். எதிர்பாராத ஒரு 'டிங்' சத்தம் எங்களுக்கு ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். நேற்று நீங்கள் எதையும் பதிவு செய்யவில்லை என்று கேட்கிற செயலிகளும் இருக்கின்றன. நேற்று ஒருவேளை அவர் விடியவிடிய விழித்திருந்திருப்பார். ஏற்கெனவே குற்ற உணர்வில் தோய்ந்து கிடக்கிறவர்களிடம் ஒரு இயந்திரமும் போய்க் கணக்குக் கேட்க வேண்டாம்.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுக் கடைசி வாரத்தில் மொழிபெயர்க்கிறார்கள். நம் சொற்கள் நீளம். 'பாதுகாவலர் சான்றிதழ்' என்பது ஆங்கிலப் பொத்தானுக்குள் அடங்காமல் 'பாதுகாவ' என்று அறுபட்டு நிற்கும். வரிக்கு வரி இடைவெளி போதாமல் மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கினால் பாதி காணாமல் போகும். முதலில் தமிழில் வரையுங்கள். எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். படிவத்தைப் படம்பிடித்துப் போடாதீர்கள். படத்துக்குள் இருக்கிற எழுத்தைக் கைபேசி சரியாக வாசித்துக்காட்டும் என்று நம்ப முடியாது. 2010இலேயே தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த ஆணைகள் இன்னும் கைக்கு வருகின்றன. வாசிப்பு மென்பொருள் அவற்றை வெறும் இரைச்சலாகத்தான் வாசிக்கிறது. கண் மங்கிய அம்மச்சி காதால்தான் வாசிக்கிறார் என்று நினைத்துச் செய்யுங்கள்.

எந்தத் தமிழ் என்பதும் இருக்கிறது. அம்மச்சி கைபேசியில் பேசினால், 'பிள்ளைக்கு நேத்து ஒறக்கமே இல்ல, பெகளம் கேட்டா சாடுகான், வாசி கூடிப்போச்சு' என்பார். ஒரு மருத்துவரிடம் சொல்ல வேண்டிய மூன்று செய்திகள் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. தூக்கம் இல்லை, சத்தம் தாங்கவில்லை, பிடிவாதம் ஏறியிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாத குரல்வசதி எங்களுக்கு உதவாது. புரியவில்லையென்றால் எழுத்தாக மாற்ற வேண்டாம், குரலாகவே சேமித்துக்கொள்ளட்டும், மருத்துவர் கேட்டுக்கொள்வார். விளவங்கோடு பக்கம் மலையாளமும் கலந்து பேசுவார்கள். சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆக்குளத்திலுள்ள, பேச்சு, கேட்புக் குறைபாடுகளுக்கான நிஷ் நிறுவனத்துக்கும், மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையத்துக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வருகிற அம்மாக்களை என் ரயிலிலேயே பார்க்கிறேன். மாநில எல்லையைத் தாண்டியதும் பிள்ளையின் கதையை மலையாளத்தில் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அதனால் செயலியின் மையத்தில் ஒரே ஒரு பக்கம் இருக்கட்டும். 'இவர் யார்' என்ற பக்கம். என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவார், வலித்தால் எப்படிக் காட்டுவார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தொடுவதற்கு முன்பு என்ன சொல்ல வேண்டும். அதை ஒரு தடவை எழுதினால் போதும். தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அது மாறிக்கொள்ளட்டும். மருத்துவரிடம், தேர்வு எழுத உதவுகிறவரிடம், பஸ் நடத்துநரிடம் அதைத் திறந்து காட்டினால் போதும் என்று ஆகட்டும். தம்பிக்குப் பல்வலி வந்த அன்று வரிசையில் நின்று ஐந்து பேரிடம் ஐந்து தடவை அம்மா அவனைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவன் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றான்.

அலுவலகப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டிசம் உள்ளவர்களை அரசுப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதுகிற வழக்கம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் எத்தனை மணிக்கு வரும், எது இன்று தாமதம் என்பது தம்பிக்குத் தெரியும். ஓட்டுநர் மாறினால் ஹாரன் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். அவனைப் புற உலகச் சிந்தனை இல்லாதவன் என்று என் விரலால் ஒரு பெட்டியில் தட்ட என்னால் முடியவில்லை. மதியிறுக்கம் என்ற சொல்லும் எனக்கு ஒப்பவில்லை. ஆட்டிசம் என்றே எழுதுங்கள். அண்டி ஆபீசில் எல்லோருக்கும் அந்தச் சொல் தெரியும்.

இன்னொரு பெட்டியும் என் நெஞ்சில் நிற்கிறது. 'உங்கள் உறவுமுறை' என்ற கேள்விக்குக் கீழே தந்தை, தாய், சட்டப் பாதுகாவலர் என்று மூன்றே தேர்வுகள். அக்கா இல்லை. அம்மச்சி இல்லை. அம்மாவுக்கு 51 வயது. அவருக்குப் பிறகு தம்பியோடு இருக்கப்போவது நான். அவனுக்கு எட்டு வயதிலிருந்து சட்டை போட்டுவிட்ட எனக்கு அந்தப் பட்டியலில் இடமில்லாமல், நான் தாய் என்று தட்டி உள்ளே போனேன். பொய்தான். ஒரு பிள்ளையை ஒரே ஆள் பார்த்துக்கொள்வதாக நினைத்துச் செய்வதால் வருகிற கோளாறு இது. பகலில் அம்மச்சி, மாலையில் அம்மா, இரவிலும் ஞாயிறும் நான். அம்மச்சி மதியம் கொடுத்த மாத்திரையை மறந்துபோய் அம்மா மறுபடி கொடுத்துவிடாமல் இருக்க, மூன்று பேரும் ஒரே பக்கத்தைப் பார்க்க வேண்டும். சவுதியிலிருந்து அப்பாவும் பார்க்க வேண்டும்; அவன் இன்று என்ன சாப்பிட்டான் என்று தெரிந்தாலே அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

18 வயது என்பது எங்களுக்குப் பெரிய பள்ளம். பள்ளியோடு வந்த சிறப்பாசிரியர் அதோடு நின்றுபோவார். தேசிய சிறார் நலத்திட்டத்தின் பரிசோதனையும் 18 வரைதான். பிள்ளை சட்டப்படி பெரியவனாகிவிடுவதால், பெற்ற அம்மாவே ஆனாலும் அவனுக்காகக் கையெழுத்துப் போட உங்கள் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலராக வேண்டும். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிற இந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தம்பிக்குப் பதினெட்டரை வயது. அதே தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஓராண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், தெரபிக்கும்கூட. ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் போச்சு. செயலி எங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இந்தத் தேதிகளை நினைவில் வைத்திருப்பது. பிள்ளைக்குப் பதினேழரை வயதானதும் குரலில் சொல்லட்டும்: இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, இந்த இந்தத் தாள் எடுத்து வையுங்கள், இந்த இடத்துக்குப் போங்கள்.

இப்போது இந்த மாவட்டத்துக்கென்றே ஒன்று கேட்கிறேன். இதை வேறு எங்கும் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

நம் மாவட்டத்தில் கார்த்திகை தொடங்கினால் பங்குனி வரை ஏதாவது ஓர் ஊரில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். கோயில் கொடை, ஆலயத் திருவிழா, மண்டைக்காட்டு மாசிக் கொடை. நாங்கள் சவேரியார் கோயிலுக்கு நேர்ச்சை வைக்கிற குடும்பம். கோட்டாறு திருவிழா டிசம்பர் 3இல் முடியும், அன்று மாவட்டத்துக்கே விடுமுறை. உலக மாற்றுத்திறனாளிகள் தினமும் அதே நாள். அம்மாவுக்குத் தேர் பார்க்க வேண்டும். தம்பிக்கு வாணவெடி கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்வான். திருவிழாவை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை, திருவிழா எங்களுடையதும்தான். எப்போது, எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு வெடி என்று முந்தின நாளே தெரிந்தால் போதும். காதடைப்பானை எடுத்து வைக்கலாம். அவனிடம் படம் காட்டிச் சொல்லிவைக்கலாம். சொல்லிவைத்தால் அவன் தாங்குவான். அந்த நேரத்துக்கு மாமா வீட்டுக்குப் போய்விடலாம்.

ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் அனுமதி கேட்டு வருகிற மனுக்கள் காவல்துறையிடமும் உங்கள் அலுவலகத்திலும் இருக்கின்றன. தேதி, இடம், நேரம் எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அந்த மூன்று விவரங்களை மட்டும் செயலிக்குள் விடுங்கள். மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டு நிறுத்துகிற நாட்களையும் சேர்த்து விடுங்கள். ஃபேன் நிற்கப்போகிற நேரம் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த மடலின் தொடக்கத்தை வாசித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதற்குப் புதிதாகப் பணம் அதிகம் வேண்டாம். ஒரு மேசையில் இருக்கிற தாளை இன்னொரு மேசைக்கு நகர்த்தினால் போதும்.

அடுத்தது தண்ணீர். குளமும் சானல் என்கிற பாசனக் கால்வாயும் இல்லாத ஊர் இங்கே கிடையாது. தம்பியைப் போன்ற பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். கதவு திறந்திருந்தால் நேராக அங்கேதான் போவார்கள். தம்பிக்கு 12 வயதில் ஒரு மாலை அவனைக் காணோம். நாற்பது நிமிடம். அம்மா அவன் பெயரைக் கூவிக்கொண்டே ஓடினார். பெயர் சொல்லிக் கூவினால் அவன் இன்னும் வேகமாகப் போவான் என்பது தேடி ஓடியவர்கள் யாருக்கும் தெரியாது. சானல்கரையில் பசுவுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டாதான், அவன் போக்கைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, 'மக்கா, எந்த பஸ்ஸுக்குப் போற?' என்று கேட்டிருக்கிறார். தம்பி நின்றுவிட்டான்.

அந்த ஒரு கேள்வி ஊரில் பத்துப் பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். செயலியில் ஒரே ஒரு பெரிய பொத்தான். அழுத்தினால், நாங்கள் முன்பே தேர்ந்து வைத்த பத்துப் பேருக்குச் சேதி போகட்டும்: காணவில்லை, பெயர் சொல்லிக் கூவாதீர்கள், பஸ் எது என்று கேளுங்கள், முதலில் தண்ணீர்க் கரையைப் பாருங்கள். இணையம் இல்லாவிட்டாலும் சாதாரண எஸ்எம்எஸ் ஆகவே போகட்டும். அவன் படம் அந்தப் பத்துப் பேர் கைபேசியில் முன்கூட்டியே இருக்கட்டும், அப்போது படம் அனுப்பிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருக்கிற வீடுகளை நினைத்தும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபிறகு நாள்கணக்கில் கரண்டும் சிக்னலும் இல்லாமல் நாங்கள் இருந்ததை நினைத்தும் இதைச் சொல்கிறேன். செயலியின் முக்கியமான பகுதிகள் எல்லாம் இணையம் இல்லாமலே திறக்க வேண்டும்.

ஆனால் அவன் இருக்கிற இடத்தை நாள் முழுவதும் பதிவு செய்யாதீர்கள். காணாமல் போன நாற்பது நிமிடத்தை அனுபவித்த நானே இதைக் கேட்கிறேன். அவன் எப்போது அழுதான், எத்தனை தடவை கத்தினான், எங்கே போனான் என்று மாதக்கணக்கில் சேர்த்துவைத்தால், அது ஒருநாள் அவனுக்கு வேலை கொடுக்க யோசிப்பவரின் கைக்கோ காப்பீட்டு நிறுவனத்தின் கைக்கோ போகலாம். 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளியின் தரவைத் தொட அந்தப் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் கேட்பது அவ்வளவு. நான் இன்னும் கொஞ்சம் கேட்கிறேன். விவரங்கள் எங்கள் கைபேசிக்குள்ளேயே இருக்கட்டும். பொத்தானை அழுத்தினால் மட்டும் இடம் தெரியட்டும், அவன் கிடைத்ததும் அழிந்துபோகட்டும். இந்த மடலில் அவன் பெயரை நான் எழுதாததும் அதனால்தான். கேட்டால் சரி என்பானா என்று எனக்குத் தெரியவில்லை.

அவனையும் கேட்க வேண்டும். பார்த்துக்கொள்கிறவர்களுக்கான செயலி என்று சொல்லிவிட்டு, பார்த்துக்கொள்ளப்படுகிறவனை வெளியே நிறுத்திவிடாதீர்கள். அவனுக்கும் அதில் ஒரு வாசல் வேண்டும். படத்தைத் தொட்டால் குரல் பேசுகிற செயலிகள் இருக்கின்றன. ஆவாஸ் என்பது சென்னையிலேயே உருவானது. தம்பிக்குப் படம் வைத்துப் பேசலாம் என்ற நம்பிக்கையே எனக்கு அதைப் பார்த்துத்தான் வந்தது. நீங்கள் செய்வதில் படங்கள் எங்கள் வீட்டுப் படங்களாக இருக்க வழி வையுங்கள். ரொட்டியும் ஆப்பிளும் போதாது. மரச்சீனி வேண்டும், சாளைக்கறி வேண்டும், கடுஞ்சாயா வேண்டும். குரலும் அவன் வயதுக்கு ஏற்றதாக இருக்கட்டும். மீசை முளைத்த ஓர் ஆணின் கைபேசியிலிருந்து சின்னப் பெண்பிள்ளையின் குரல் வந்தால் கடையில் நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள், அது அவனுக்குத் தெரிகிறது. 'வேண்டாம்' என்ற படம் எப்போதும் முதல் வரிசையில் இருக்கட்டும். அவனைப் பற்றி நாங்கள் எழுதுகிற பக்கத்தை அவனிடம் படங்களாகக் காட்டி, அவன் 'வேண்டாம்' என்று தொட்டால் அந்த வரி நீங்கிவிட வேண்டும்.

இவ்வளவையும் நான் ஒருத்தி சொல்கிறேன் என்பதற்காகச் செய்ய வேண்டாம். இனயத்தில் கணவர் ஆழ்கடலுக்குப் போன வீட்டில் இருக்கிற ஓர் அம்மாவுக்கும், தோவாளையில் விடியற்காலம் பூக்கட்டப் போகிற ஓர் அம்மாவுக்கும், குலசேகரத்தில் இருட்டோடு ரப்பர் பால்வெட்டப் போகிற ஓர் அப்பாவுக்கும் வேறு தேவைகள் இருக்கும். ஆறு வட்டங்களிலிருந்தும் ஆட்களை அழையுங்கள். ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனச் சிதறலும் மிகைத் துடிப்பும்), அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ள இளையவர்களையும் அழையுங்கள். பார்த்துக்கொள்கிறவர்களிலேயே சிலருக்கு ஏடிஎச்டி இருக்கலாம், வாசிப்பு சிரமமாக இருக்கலாம், அவர்களை விட்டுவிடாதீர்கள். வந்தவர்களுக்கு அரை நாள் கூலியைக் கொடுங்கள். ஏனென்றால் கூலியை விட்டுவிட்டு வர முடிந்தவர்கள் மட்டும் வந்தால் அவர்களுக்கு மட்டுமே பொருந்துகிற செயலிதான் கிடைக்கும். திறப்பு விழாவுக்கு முன்பு மூன்று மாதமாவது அது எங்கள் கைகளில் கிடக்கட்டும். உடைகிற இடத்தையெல்லாம் உடைத்துத் தருகிறோம். நான் கூலி வாங்காமல் வந்து சோதித்துத் தருகிறேன், அது என் தொழில்.

அதற்கும் முன்பு, செயலி எழுதப்போகிறவர்களில் இரண்டு பேரை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வரட்டும், அப்போது நாங்கள் எல்லோரும் இருப்போம். காலிங்பெல்லை அடிக்க வேண்டாம்; படியில் நின்று என்னைக் கூப்பிட்டால் போதும். செருப்பைத் தம்பியின் நீலச் செருப்புக்குப் பக்கத்தில் வைக்காமல் கொஞ்சம் தள்ளிக் கழற்றட்டும். அம்மச்சி சாயா கொடுப்பார். கைபேசியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லித்தராமல் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். நாலே முக்காலுக்கு ஒரு பஸ் வரும். அப்போது தம்பி எழுந்து வாசலுக்குப் போவான். அவர்களும் கூடப் போகலாம்.

இப்படிக்கு,
ஓர் அக்கா,
கல்குளம் வட்டம்.